வண்டி நிற்கிறது

யாகப்பன் முதன்முதலாக எனக்கு டீ வாங்கிக் கொடுத்தபோது கிளாஸை இடது கையால் நீட்டினான். செஞ்சி கடைவீதியில், நாலு பேர் பார்க்க. நான் வாங்கவில்லை. "பட்டாளத்துல இதத்தான் கத்துக் குடுத்தானுங்களா?" என்று கேட்டுவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். போகத்தான் நாளாகும்.

ஊரிலும் அவனைப் பற்றி நல்ல பேச்சில்லை. யுத்தத்தில் அசாம் எல்லைப் பக்கம் தந்தி அனுப்புகிற படையில் இருந்துவிட்டுத் திரும்பியவன், பெட்ரோமாக்ஸ் விளக்கும் சைக்கிளும் ரிப்பேர் செய்ய ஒரு கடை போட்டான். சோற்றை ஸ்பூனால் சாப்பிட்டான், அதுவும் இடது கையால். தெருவில் வந்தால் வலது கை கால்சட்டைப் பைக்குள்ளேயே இருக்கும். "தொரை வந்துட்டாருடா" என்று அவன் காதுபடவே பேசினார்கள். அவன் வீட்டுக் கூரைமேல் செம்புக் கம்பி கட்டியதும் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. ஐதராபாத்தில் சண்டை நடந்த வருஷம் அது. நிஜாமின் ரஜாக்கர் படைக்குச் சேதி அனுப்புகிறான் என்று யாரோ கிளப்பிவிட, ஏட்டு விசாரிக்க வந்தார். சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்தில் சர்க்கார் லைசென்ஸ் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு மோர் குடித்துவிட்டுப் போனார்.

விஷயம் இவ்வளவுதான். வீட்டிலேயே ரேடியோப் பெட்டி கட்டி, லைசென்ஸ் வாங்கி, முன்பின் பார்க்காத ஊர்க்காரனோடு தந்தி பாஷையில் பேசிக்கொள்கிறவர்கள் அங்கங்கே இருக்கிறார்கள். அமெச்சூர் ரேடியோக்காரர்கள் என்று பெயர். காசு கிடையாது, பொழுதுபோக்குத்தான். யுத்தத்தில் சர்க்கார் அதை நிறுத்தி வைத்திருந்து, முடிந்தபின் மறுபடி விட்டது. யாகப்பன் சென்னை மூர் மார்க்கெட்டில் பட்டாளத்துப் பழைய சாமான்களைப் பொறுக்கி வந்து ஒரு பெட்டி கட்டியிருந்தான்.

அந்தக் கார்த்திகையில் ஒருநாள் என் வண்டிக் கொட்டகைக்கு வந்து நின்றான்.

"ஆதிமூலண்ணே, கிறிஸ்மஸ் முடிஞ்ச ஞாயித்துக்கெழமை உங்க கூண்டு வண்டி வேணும்."

"இடது கைக்காரனுக்கெல்லாம் நான் வண்டி ஓட்றதில்ல."

அவன் முகம் சுண்டிப் போனது. ஆனாலும் நகரவில்லை. சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் ரேடியோக்காரர்கள் சேர்ந்து ஒரு போட்டி வைத்திருக்கிறார்களாம். சக்கரத்தின்மேல் பெட்டியை வைத்து, ஊர் ஊராகப் போய்க்கொண்டே, காலையிலிருந்து சாயங்காலத்துக்குள் எத்தனை பேரோடு பேச முடிகிறது என்று பார்ப்பார்களாம். நின்றும் அனுப்பலாம், ஓடிக்கொண்டே அனுப்பினால் புள்ளி இரட்டிப்பு. மார்கழியில் வானத்தில் இடி மின்னல் இல்லை, இரைச்சல் குறைவு, மெல்லிய சத்தமும் கேட்கும். மற்றவர்களெல்லாம் மோட்டார் காரில் போகிறார்கள். மாட்டு வண்டியில் வரலாமா என்று இவன் கேட்டு எழுதியதற்கு, சக்கரம் இருந்தால் போதும் என்று பதில் வந்ததாம். அதைச் சொல்லும்போது சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்ததில்லை. சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

அன்றிலிருந்து என் உயிரை வாங்கினான். மாட்டுக் கழுத்துச் சலங்கையைக் கழற்ற வேண்டும் என்றான். காதில் குழல் மாட்டிக் கேட்கும்போது அது தொந்தரவாம். கூண்டுக்கு மேல் மூங்கில் கட்டினான், அதில் கம்பி கட்டினான். பெட்டிக்கு உயிர் கொடுப்பது ஒரு பழைய பட்டாளத்து பாட்டரி. ஊரில் கரண்ட் ஏது? டெண்ட் கொட்டகையில் சினிமா ஓட்டுகிற எஞ்சினில் வைத்து அதற்குச் சார்ஜ் ஏற்றி, பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டி வருவது மாதிரி என் வண்டியில் பதமாக வீட்டுக்குக் கொண்டுவந்தான். அதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். கடைசியில் கேட்டான் பாருங்கள் ஒரு கேள்வி.

"அண்ணே, இந்தச் சுத்துவட்டாரத்துல எந்த ரோடு ரொம்ப மோசம்?"

அனந்தபுரம் போகிற பழைய மண் பாதை. மழையில் வண்டித்தடம் ஆழமாக விழுந்து காய்ந்து, ஒரு கல் தூரம் போவதற்குள் முதுகெலும்பு இடம் மாறிவிடும். சொன்னேன். "அதுலயே போலாம். அப்படியே மண்டகப்பட்டு வரைக்கும்" என்றான்.

எனக்கு வந்ததே கோபம். கடலை மூட்டையே சிந்தாமல் திண்டிவனம் ரயிலடிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவன் நான். "யோவ், என் மாட்டை வேணும்னே குழியில எறக்கச் சொல்றியா? உனக்கு இன்னா பைத்தியமா? வேற வண்டியப் பாரு."

அவன் சுற்றும் முற்றும் பார்த்தான். யாருமில்லை. பைக்குள்ளிருந்து வலது கையை எடுத்து என் வண்டிச் சட்டத்தின்மேல் வைத்தான்.

அந்தக் கை சும்மா இருக்கவில்லை. குளிரில் நடுங்குகிற கை மாதிரி, மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை ஆடிக்கொண்டே இருந்தது. விரல்கள் சட்டத்தில் தட்டுகிற சத்தம் கேட்டது. குண்டு விழுந்து பதுங்குகுழி மூடிக்கொண்டபோது, உள்ளே இருந்து விடாமல் தந்தி அடித்துக்கொண்டே இருந்தானாம். மண்ணைத் தோண்டி வெளியே எடுத்த பிறகும் கை நிற்கவில்லை. அன்றிலிருந்து நிற்கவே இல்லை. கடையில் கையைப் பட்டறையோடு அழுத்திக்கொண்டுதான் வேலை செய்கிறான். சோற்றைக் கையால் எடுத்தால் வாய்க்கு வருமுன் சிந்திவிடும்.

"பட்டாளத்துல என் கைதான் நல்ல கைன்னு சொல்லுவாங்கண்ணே. லைசென்ஸ் வந்ததுலருந்து தெனமும் காதுல மாட்டிக் கேட்டுட்டே இருக்கேன். நான் ஒரு வார்த்தை அனுப்புனதில்ல. இந்தக் கையால அடிச்சா, எவன்டா இவன் குடிகாரன்னு நெனப்பாங்க. ஓடற வண்டியில அடிச்சா எல்லாருக்குமே கை ஆடும். ரோடு மோசமா இருந்தா என்னுது தனியாத் தெரியாது."

கையை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டான்.

"இந்தத் தடவையும் அனுப்ப முடியலன்னா பெட்டிய மூர் மார்க்கெட்டுலயே போட்டுருவேன். சும்மா கேட்டுகிட்டே எத்தன நாளைக்கு இருக்கறது?"

அன்றைக்கு அவன் நீட்டிய டீயை நான் வாங்காமல் போனது ஞாபகம் வந்தது. "அந்த ரோட்டைவிட மோசமா ஒண்ணு இருக்குது. ஏரிக்கரைப் பாதை. ஆளே நடக்கமாட்டான். அதுல போலாம்" என்றேன்.

கிறிஸ்மஸ் பூசை முடிந்தது. ஞாயிறு காலை, கோட்டை மலைமேல் பனி இறங்கியிருந்த நேரத்தில், மாடு கட்டினேன். யாகப்பனின் மனைவி அருளம்மாளும் ஏறிக்கொண்டாள். பெட்டியைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று அவன் சொன்னான். அவனைப் பிடித்துக்கொள்ளத்தான் அவள் வருகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. கழுத்தில் செபமாலை, மடியில் கட்டுச்சோறு.

ஊர் எல்லை தாண்டியதும் யாகப்பன் காதுக்குழலை மாட்டினான். போட்டி தொடங்கிவிட்டது. பல் அடிக்காமலிருக்க ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு கேட்டான். "பெங்களூர்க்காரன் ஒருத்தன் கூப்பிடறான்... சென்னைக்காரன் பதில் குடுக்கறான்... எல்லாருக்கும் ஆடுதுண்ணே! எல்லார் கையும் ஆடுது!" கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவனுக்கு. நான் மாட்டை ஏரிக்கரைப் பாதையில் திருப்பினேன். வண்டி தூக்கிப் போட்டது. அவன் தந்தி அடிக்கிற கட்டையை மடியில் வைத்துக்கொண்டு, வலது கையை எடுத்தான்.

பெட்டியில் ஒரு சின்ன பல்பு உண்டு. கட்டையை அழுத்தினால் பளிச்சென்று எரிய வேண்டும். சேதி வெளியே போகிறது என்று அர்த்தம். அவன் அழுத்தினான். பல்பு அணையப் போகிற பீடி மாதிரி மங்கலாகச் சிவந்தது. மறுபடி அழுத்தினான். அவ்வளவுதான்.

"நிறுத்துங்க. வண்டிய நிறுத்துங்க!"

பாட்டரியின் மூடிகளைத் திருகிக் குனிந்து முகர்ந்தான். நானும் எட்டிப் பார்த்தேன். காலரா வந்தால் கிணற்றில் போடுவார்களே பிளீச்சிங் பவுடர், அந்த வாசனை குப்பென்று அடித்தது.

"உப்பு," என்றான் யாகப்பன். "எவனோ உப்புத் தண்ணி ஊத்தியிருக்கான். பாட்டரிக்குக் காய்ச்சி வடிச்ச தண்ணியத் தவிர வேற எதுவும் ஆவாது. உப்பு பட்டா வெஷம்." நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "ராத்திரி வண்டி உங்க கொட்டகையிலதான நின்னுச்சு? நேத்து சாயங்காலமே ஏத்தி வெச்சோமே. யாரு வந்தது?"

என்னைக் கேட்டான்! சலங்கையைக் கழற்றி, குழியில் மாட்டை இறக்கிய என்னை! "இன்னா சொல்ற நீ? நான் ஊத்தினேன்றியா?" நுகத்தடியிலிருந்து மாட்டை அவிழ்க்கவே போய்விட்டேன். "எறங்குய்யா. உன் பெட்டியத் தலையில வெச்சிகினு நடந்து போ."

"அண்ணே, அவிழ்க்காதீங்க," என்றாள் அருளம்மாள். அவள் முகம் வெளுத்திருந்தது. "நான்தான் ஊத்தினேன்."

யாகப்பன் திரும்பினான்.

"வண்டியில ஏத்தறதுக்கு முன்னாடி. தண்ணி கொறஞ்சிருக்குது, ஊத்தணும்னு நீங்கதான சொல்லிட்டு இருந்தீங்க. எந்தத் தண்ணியோ ஊத்தறதுக்குத் தீர்த்தமா ஊத்தலாமேன்னு... கோயில்லருந்து கொண்டாந்தது. ஒவ்வொரு குழியிலயும் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லி ஊத்தினேன். உங்க கை நல்லா இருக்கணும்னு."

எனக்குப் புரியவில்லை. தீர்த்தத்தில் எங்கிருந்து உப்பு வந்தது? பிறகுதான் தெரிந்துகொண்டேன். அவர்கள் கோயிலில் சாமியார் தண்ணீரை மந்திரிக்கும்போது, உப்பையும் மந்திரித்து அதில் கலந்துதான் தீர்த்தம் செய்வாராம். அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். உப்பு பாட்டரிக்கு ஆகாது என்பதுதான் அவளுக்குத் தெரியாது.

அடி விழப்போகிறது என்றே நினைத்தேன். குறைந்தபட்சம் கத்துவான். குறுக்கே போய்த் தடுக்கலாம் என்று ஒரு அடி முன்னால் வைத்தேன்.

அவன் கத்தவில்லை. காதுக்குழலைக் கழற்றி மெதுவாகப் பெட்டிமேல் வைத்தான். தோள் இறங்கியது, நெற்றிச் சுருக்கம் போனது. "சரி, விடு. தெரியாமதான பண்ண. பாட்டரி செத்துப்போச்சுன்னா யார் இன்னா பண்ண முடியும்? வண்டியத் திருப்புங்கண்ணே, வீட்டுக்குப் போலாம்." பரீட்சை அன்றைக்கு வாத்தியார் வரவில்லை என்று கேட்ட பையன் குரல் மாதிரி இருந்தது.

அருளம்மாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரை கண்ணில் முட்டிக்கொண்டிருந்த அழுகை அப்படியே நின்றுவிட்டது.

"சந்தோஷமா இருக்குதா உங்களுக்கு?"

"இன்னா பேசற நீ?"

"பாட்டரி செத்துடுச்சா, இல்ல சாவப் போவுதா? அதச் சொல்லுங்க."

அவன் குனிந்து பாட்டரி மூடிகளைத் திருகி மாட்டினான்.

"சொல்லுங்கன்றேன்ல!"

"சாவப் போவுது," என்றான் மெதுவாக. "கொஞ்ச நேரம் தாங்கும். ஆனா ஓடிக்கிட்டே அனுப்ப முடியாது. இந்தச் சின்னக் கம்பியில செஞ்சிகூடத் தாண்டாது. நின்னு, மரத்துமேல நீளமாக் கம்பி போட்டா இந்த பலத்துக்கே தூரம் போவும்..."

சொல்லி முடிக்குமுன் நிறுத்திக்கொண்டான். நிற்கிற வண்டியில் அனுப்புவதென்றால் என்ன என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரிந்திருந்தது. குழியில்லை, குலுக்கல் இல்லை. கைமட்டும்தான்.

"முடியாது," என்றான்.

"அப்போ நான் கெடுத்தது பாட்டரிய இல்ல," என்றாள் அருளம்மாள். "உங்களுக்கு வீட்டுக்குப் போவ ஒரு சாக்கு எடுத்துக் குடுத்துட்டேன். வாழ்நாள் பூரா இதையே சொல்லுவீங்க. அருளு தீர்த்தம் ஊத்திட்டா, இல்லன்னா அனுப்பியிருப்பேன்னு. அத என் தலையில போடாதீங்க. எனக்குத் தாங்காது."

சொல்லிவிட்டு வண்டியிலிருந்து குதித்தாள். கம்பிச் சுருளை எடுத்துக்கொண்டு பாதையோரப் புளியமரத்தை நோக்கி நடந்தாள். நான் என்ன செய்வது? கம்பி நுனியில் ஒரு கல்லைக் கட்டி, உச்சிக் கிளைக்கு வீசினேன். முதல் தடவை தவறியது. இரண்டாவதில் விழுந்தது. இன்னொரு நுனியை எதிர்ப் பக்கத்துப் பனைக்கு இழுத்துக் கட்டினோம். மாட்டை அவிழ்த்துத் தள்ளிக் கட்டினேன். வண்டி அசைவில்லாமல் நின்றது.

யாகப்பன் காதுக்குழலை மாட்டிக்கொண்டான். கேட்கிற பெட்டிக்குத் தனி பாட்டரி, அதில் கோளாறு இல்லை. தந்திக் கட்டையைப் பலகைமேல் வைத்துக் கையை அதன்மேல் வைத்தான். கை கட்டையோடு சேர்ந்து தானாகவே தட்டியது. எடுத்துவிட்டான். மறுபடி வைத்தான். இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான், அப்படியும் ஆடியது. விட்டுவிட்டான். அருளம்மாள் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று, செபமாலையை உருட்டாமல் கைக்குள் பிசைந்துகொண்டிருந்தாள். அடிடா, அடிச்சித் தொலைடா என்று மனதுக்குள் கத்தினேன்.

அடித்தான்.

எனக்கு அந்த பாஷை தெரியாது. ஆனாலும் அது நொண்டி நொண்டிப் போகிறது என்று எனக்கே தெரிந்தது. கட்டை அழுத்த வேண்டிய இடத்தில் இரண்டு தடவை தட்டியது, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. பல்பு மங்கலாக விட்டு விட்டு எரிந்தது. நிறுத்திவிட்டுக் கேட்டான். ஒன்றுமில்லை. மறுபடி அடித்தான், இன்னும் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக. நெற்றியில் வேர்வை, மார்கழிப் பனியில். கேட்டான். தலையை ஆட்டினான், இல்லை என்று. பல்பு இன்னும் மங்கியது.

மூன்றாவது தடவை அடித்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவன், திடீரென்று இடது கையைத் தூக்கினான். பேசாதே என்று. நாங்கள் ஏற்கெனவே பேசாமல்தான் இருந்தோம்.

"பெங்களூர்," என்றான், உதடு மட்டும் அசைய. "என் பேரக் கூப்பிடறான். என் ஸ்டேஷன் பேர... சன்னமாக் கேக்குதாம்..." அடுத்த எழுத்துகளைக் கேட்டான். முகம் மாறியது.

"இன்னா கேக்கறாரு?" என்றாள் அருளம்மாள்.

"கை ரொம்ப ஆடுதே, வண்டி ஓடிக்கிட்டு இருக்குதா, நிக்குதான்னு கேக்கறான். புள்ளி எழுதணுமாம்."

அவ்வளவுதான். 'ஓடுகிறது' என்று ஒரு வார்த்தை அடித்தால் போதும். புள்ளியும் இரட்டிப்பு, மானமும் மிச்சம். பெங்களூரில் இருக்கிறவன் செஞ்சிக்கு வந்து புளியமரத்தைப் பார்க்கப் போகிறானா? நானாக இருந்தால் அப்படித்தான் அடித்திருப்பேன். சொல்லவும் வாயெடுத்தேன். அருளம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். ஆனால் அவளும் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. இது அவள் சொல்லித் தர வேண்டிய இடமில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

யாகப்பன் தன் வலது கையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அது யாரோ ஒருவர் கை மாதிரி பார்த்தான். பிறகு அடிக்கத் தொடங்கினான். நீளமாக அடித்தான். பல்பு சிவந்து, சிவந்து, கடைசி எழுத்தில் கண்ணுக்கே தெரியாமல் போனது. பெட்டிக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்த சின்ன முனகலும் நின்றுவிட்டது.

"இன்னா சொன்ன?" என்றேன்.

அவன் காதில் கவனமாக இருந்தான். பிறகு குழலைக் கழற்றாமலே சொன்னான். "வண்டி நிக்குது, கைதான் ஆடுது, யுத்தத்துலருந்து இப்படித்தான்னு சொன்னேன்."

"அவரு?" என்றாள் அருளம்மாள்.

"எல்லா எழுத்தும் வந்துச்சாம். ஒண்ணுகூடத் தவறலியாம். அவசரமில்ல, மெதுவா அனுப்பு, நான் காத்திருக்கேன்றாரு."

அனுப்பத்தான் பாட்டரியில் உயிரில்லை. அந்த மனிதர் பெங்களூர் ரோட்டில் எங்கேயோ காரை ஓரம் கட்டிக்கொண்டு காத்திருந்தார். இரண்டு தடவை இவனைக் கூப்பிட்டார். யாகப்பன் பதில் சொல்ல முடியாமல் கேட்டுக்கொண்டே இருந்தான், கண்ணீர் மூக்கில் வழிய, துடைக்காமல். பிறகு அவர் வேறு யாரையோ கூப்பிடப் போய்விட்டார். அருளம்மாள் மரத்தடியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன். அங்கே நிற்க என்னால் முடியவில்லை.

போட்டியில் யாகப்பனுக்கு ஒரே ஒரு ஆளோடு பேசிய கணக்குத்தான். கடைசி இடம். மண்டகப்பட்டுக்குப் போகவே இல்லை.

கம்பியைச் சுற்றிக்கொண்டு, மாடு கட்டி, அந்தப் பாதை போய்ச் சேரும் அனந்தபுரம் கடைவீதியில் டீ குடிக்க நிறுத்தினேன். சந்தைக் கூட்டம் இல்லாவிட்டாலும் பெஞ்சில் ஆட்கள் இருந்தார்கள். யாகப்பன்தான் போய் வாங்கினான். என் பக்கம் வந்து கிளாஸை நீட்டினான்.

வலது கையால்.

பாதி டீ என் வேட்டியில் கொட்டியது. நல்ல சூடு. பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, மீதியைக் குடித்தேன்.